எந்த உலை முதலில்?

சென்னையிலிருந்து வடக்கு நோக்கி ஓடும் புறநகர் ரயிலில் ஏறியமர்ந்து, திருவொற்றியூரும் எண்ணூரும் கடந்து, அத்திப்பட்டின் அனல்மின் புகைபோக்கிகளைப் பார்த்தவண்ணம் மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று தாண்டிச் சென்றால், தமிழகத்தின் வட எல்லையருகே நிற்கிறது கும்மிடிப்பூண்டி. ஒருபுறம் பழவேற்காட்டு ஏரிப் பக்கமிருந்து வரும் உப்புக் காற்று. மறுபுறம் சிப்காட் தொழிற்பேட்டையின் இரும்புப் புகை. எளாவூர், ஆரம்பாக்கம் என்னும் ஊர்களைத் தாண்டினால் ஆந்திரம். இங்கே பழைய இரும்பை உருக்குகிறார்கள்; உருக்கியதை வார்க்கிறார்கள்; வார்த்ததைக் கம்பியாக இழுக்கிறார்கள். நாம் குடியிருக்கும் வீட்டுக் கூரைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் கம்பி, இந்த ஊர் உலையொன்றில் செந்நீராய்க் கொதித்ததாக இருக்கலாம். அதை அள்ளி ஊற்றிய கை, பீகாரிலோ ஒடிசாவிலோ பிறந்த கையாக இருக்கலாம்.

இரவுப் பணி முடிந்து விடியலில் வெளிவருவோர் தேநீர்க் கடையருகே நிற்கும்போது கேளுங்கள். இந்தி ஒலிக்கும், ஒரியா ஒலிக்கும், வங்கம் ஒலிக்கும்; இடையிடையே இங்கே கற்றுக்கொண்ட தமிழும் தலைகாட்டும். மாநிலங்கள் பல அங்கே ஒரு குவளைத் தேநீருக்காக வரிசையில் நிற்கும். அந்த வரிசையைப் பார்த்துவிட்டுத் திரும்பிய நாளிலிருந்து ஒரு கேள்வி நம்மை விடாமல் தொடர்கிறது. அதனைத் தோழர்கள் முன் வைக்கவே இக்கட்டுரை.

நாடு தேறிவிட்டது என்கிறார்கள். பெருந்தொற்று வந்தது, வாட்டியது, போயிற்று. இப்போது பாரீர், ஆலைகள் ஓடுகின்றன, சாலைகள் நீள்கின்றன, வருவாய் ஏறுகிறது என்கிறார்கள். பொய்யன்று. 2020 ஏப்ரல் முதல் சூன் வரையிலான மூன்று மாதங்களில் இந்தியாவின் மொத்த உற்பத்தி, முந்தைய ஆண்டின் அதே மாதங்களோடு ஒப்பிட, ஏறத்தாழ 24 விழுக்காடு வீழ்ந்தது. அந்தப் பள்ளத்திலிருந்து நாடு ஏறியது உண்மை. 2024–25ஆம் ஆண்டிலே தமிழகத்தின் வளர்ச்சி 11.19 விழுக்காடு என்று கணக்கு வந்தபோது நாமும் மகிழ்ந்தோம். வளர்ச்சியை எள்ளி நகையாடுவது வயிறு நிறைந்தவனின் பொழுதுபோக்கு; அது நமக்கு வேண்டா. ஆனால் நோயாளி தேறிவிட்டான் என்பதற்கு எடை கூடியதே சான்று என்று எந்த மருத்துவராவது கூறுவாரா? வீக்கமும் எடையைக் கூட்டும்! நாடியைப் பார்க்கவேண்டும், நாவைப் பார்க்கவேண்டும். நாட்டுக்கு நாடி எது? நா எது?

இங்கேதான் சிலர் நம்மை வழிமறிக்கிறார்கள். "ஜனநாயகம் நல்லதுதான், ஆனால் அது நலமாயிருக்கும் நாட்டுக்கு. நோயிலிருந்து எழுந்து நடக்கும் நாட்டுக்கு விவாதம் எதற்கு, சங்கம் எதற்கு, வழக்கு எதற்கு? ஒரு தலை எண்ணட்டும், ஒரு கை ஆணையிடட்டும், மற்றவர் உழைக்கட்டும். முதலில் சோறு, பிறகு பேச்சு" என்பது அவர்கள் வாதம். இதனைக் கயவர் வாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. தீப்பற்றிய வீட்டில் வாக்கெடுப்பு நடத்துவோர் எவருமில்லை. நெருக்கடியிலே விரைவு தேவை என்பதை எவரும் மறுக்கமுடியாது. இந்த வாதத்தைப் படித்தவர்களே மிகுதியாகப் பேசுகிறார்கள். நம் இளைஞரிடையேயும் இது இனிக்கத் தொடங்கியிருக்கிறது. ஆகவே இதனை நேருக்கு நேர் நின்று பார்ப்போம். விரைவுக்குச் சான்றாக ஓர் இரவை எடுத்துக்கொள்வோம்.

2020 மார்ச் 24. இரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றினார். நள்ளிரவு 12 மணி முதல் நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு என்று அறிவித்தார். இடையே நான்கு மணி நேரம்! நூற்று முப்பது கோடிக்கு மேற்பட்ட மக்களுக்கு நான்கு மணி நேரம்! இதைவிட விரைவு எந்த நாட்டில் கண்டோம்? அதற்கு இரண்டு நாள் முன்னர் தட்டையும் மணியையும் தட்டச் சொன்னதையும், ஏப்ரல் 5ஆம் நாள் இரவு 9 மணிக்கு 9 நிமிடம் விளக்கேற்றச் சொன்னதையும், அந்த ஒன்பதிலும் ஒன்பதிலும் சிலர் கோள்களின் மகிமையைக் கண்டு கூத்தாடியதையும் நாம் இங்கே விரித்துரைக்கப் போவதில்லை. மறு ஆண்டிலே கோவைப் பக்கம் கொரோனா தேவிக்குச் சிலையே வைத்துவிட்டார்கள். நோய்க்கு மருந்தகம் கட்டவேண்டிய நாட்டிலே நோய்க்கே கோவில்! போகட்டும், நம் பேச்சு உலையைப் பற்றி.

அன்றிரவு உள்துறை அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டு ஆணையைப் படித்தவர்கள் ஒன்றைக் கண்டிருப்பார்கள். தொழிற்கூடங்கள் அனைத்தும் மூடப்படும் என்ற ஆணை, அதே மூச்சில் ஒரு விலக்கையும் தந்தது. இடைவிடாது இயங்கவேண்டிய உற்பத்திக் கூடங்கள், மாநில அரசின் இசைவு பெற்று இயங்கலாம் என்பதே அது. தவறா? இல்லை. அறிவுக்கு ஒத்ததே. உருகிய இரும்பு இருக்கும் உலையை நினைத்த மாத்திரத்தில் அணைக்க முடியாது. மின்சாரத்தை நிறுத்தினால் இரும்பு உள்ளேயே உறைந்துவிடும்; உட்பூச்சு வெடிக்கும்; உலையே பாழாகும். அதனை அறிந்தவர்கள் யாரோ உரிய இடத்தில் உரிய நேரத்தில் சொல்லியிருக்கிறார்கள். சொன்னதை எழுதியவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

தமிழிலே உலை என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். இரும்பு உருகுவதும் உலை. அரிசி கொதிப்பதும் உலை. இரும்புலை இடைவிடாது எரியவேண்டியது என்று அறிந்த ஆணை, சோற்றுலையும் இடைவிடாது எரியவேண்டியது என்பதை ஏன் அறியவில்லை? அன்றாடக் கூலியை நம்பி, ஓர் அறையில் பலராகப் படுத்து, மேஸ்திரியின் கையை எதிர்பார்த்துக் கிடப்பவனின் வயிறு, நள்ளிரவு 12 மணிக்கு அணைத்துவிட்டு 21 நாள் கழித்து மூட்டக்கூடிய அடுப்பா?

ஆணை எழுதியவர்கள் கொடியவர்களா? அப்படிக் கூற நாம் துணியவில்லை. கொடியவர் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்துவிடும். நல்லவரைத் தேடிப் பதவியில் அமர்த்தினால் போதும் என்றாகிவிடும். விவகாரம் அதைவிட ஆழமானது. உலைக்கு உரியவனுக்குச் சங்கம் இருந்தது. மனு எழுதக் கை இருந்தது. தலைமைச் செயலகத்திலே தட்டுவதற்கு ஒரு கதவு இருந்தது. உலையில் நிற்பவனுக்கு அது எதுவும் இல்லை. ஆளுவோர் அறிவது, கேட்பதால். கேட்பது, பேசுவோர் இருப்பதால். பேச இடமில்லாதவன் அவர்கள் நினைவிலே இல்லாதவன். நினைவில் இல்லாதவனுக்கு விலக்கு எழுத எந்த எழுதுகோலாலும் முடியாது. ஜனநாயகம் என்பது ஐந்தாண்டுக்கு ஒருமுறை விரலிலே இடும் மை மட்டுமன்று. ஆளுவோனுக்குத் தெரியாததைத் தெரிவிக்கும் வழி அது. அந்த வழி அடைபட்டால் விரைவு வரும், குருடனின் விரைவு!

பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் இதனை வேறொரு துறையில் நிறுவிக் காட்டினார். 1943இல் வங்கத்தில் இலட்சக்கணக்கானோர் பஞ்சத்தால் மாண்டனர். விடுதலை பெற்ற இந்தியாவில் வறட்சிகள் வந்தன, பட்டினி இருந்தது. ஆனால் அத்தகைய பெரும் பஞ்சச் சாவு நேரவில்லை. எழுதும் இதழும், கேட்கும் எதிர்க்கட்சியும், வாக்குக் கேட்டு வரவேண்டிய ஆட்சியும் இருக்கும் நாட்டில், சாவை மறைக்கவும் முடியாது, மறக்கவும் முடியாது என்பதே அவர் கண்ட காரணம்.

"ஆகா! அப்படியானால் 2020இல் இந்தியாவிலே ஜனநாயகம் இல்லையா? நாடாளுமன்றம் இருந்தது, நீதிமன்றம் இருந்தது, இதழ்கள் இருந்தன. இருந்தும் நான்கு மணி நேரம்தானே கொடுத்தார்கள்?" என்று நம்மை மடக்கக்கூடும். நல்ல மடக்கு. வளைந்து நெளிந்து தப்பப் போவதில்லை. ஆம்; ஜனநாயகம் இருந்தது, ஆனால் அந்தத் தொழிலாளி அதற்குள் இல்லை. கும்மிடிப்பூண்டியில் நிற்பவனின் பெயர் வாக்காளர் பட்டியலில் இருந்தது எங்கே? சொந்த ஊரில். அவன் இருந்தது எங்கே? இங்கே. வாழ்வு ஓரிடம், வாக்கு ஓரிடம். இங்குள்ள சட்டமன்ற உறுப்பினருக்கு அவன் வாக்காளன் அல்லன்; அங்குள்ள உறுப்பினருக்கு அவன் கண்ணில் படாதவன். ஆண்டொன்றுக்குச் சராசரி 90 இலட்சம் பேர் மாநிலம் விட்டு மாநிலம் பெயர்கிறார்கள் என்று ஒன்றிய அரசின் 2016–17ஆம் ஆண்டுப் பொருளாதார ஆய்வறிக்கையே மதிப்பிட்டது. மதிப்பீடு நூலிலே இருந்தது. ஆணை எழுதிய மேசைக்கு அது வந்து சேரவில்லை.

பிறகு நடந்தது நாமெல்லாம் அறிந்ததே. சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையிலே மே மாத வெயிலில் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆந்திர எல்லையை நோக்கி நடந்தார்கள். திருவள்ளூர் மாவட்டச் செங்கற்சூளையொன்றில், ஊருக்கு அனுப்புங்கள் என்று கேட்ட ஒடிசாத் தொழிலாளர்கள் தாக்கப்பட்டுக் குருதி ஒழுக நின்ற காட்சி நாடெங்கும் பரவிய பின்னரே மாவட்ட நிர்வாகம் விரைந்து வந்து சூளைகளில் இருந்தோரை மீட்டு ஊருக்கு அனுப்பிற்று. அதே மே மாதம் 8ஆம் நாள், மகாராட்டிரத்தில் அவுரங்காபாத் அருகே, நடந்து களைத்துத் தண்டவாளத்தில் படுத்துறங்கிய 16 பேர் மீது சரக்கு ரயில் ஏறியது. செப்டம்பர் 14ஆம் நாள் நாடாளுமன்றத்தில், ஊர் திரும்பும் வழியிலே மாண்ட தொழிலாளர் எத்தனை பேர் என்று வினா எழுந்தபோது, அப்படிப்பட்ட கணக்கு இல்லை என்று விடை வந்தது. கணக்கு இல்லை, ஆகவே இழப்பீடு என்ற கேள்வியும் எழவில்லை! அந்தக் கூட்டத்தொடரில் கேள்வி நேரமே நீக்கப்பட்டிருந்தது. எழுத்துமூலம் வந்த விடை இது. அவ்வாண்டின் குளிர்காலக் கூட்டத்தொடரோ நடக்கவே இல்லை.

எண்ணுதல் என்பதற்கும் தமிழிலே இரண்டு பொருள் உண்டு, தோழர்களே. கணக்கிடுதலும் எண்ணுதல், சிந்தித்தலும் எண்ணுதல். எண்ணப்படாதவனைப் பற்றி எவரும் எண்ணுவதில்லை.

நோய் வரும்போது ஆட்சி வாயைப் பொத்துவது இன்று நேற்றுத் தோன்றிய பழக்கமன்று. 1896இல் பம்பாயில் பிளேக் பரவியது. மறு ஆண்டே வெள்ளையர் ஆட்சி, நான்கே பிரிவுகள் கொண்ட கொள்ளைநோய்ச் சட்டத்தை இயற்றியது. புனாவிலே வீடு வீடாகச் சிப்பாய்கள் புகுந்தனர். அதனைக் கண்டித்தெழுதிய திலகர் அதே 1897இல் இராசத் துரோக வழக்கிலே சிறை புகுந்தார். திலகரின் சமயக் கருத்துகளோடு நமக்கு உடன்பாடில்லை. ஆனால் நோயைக் காரணம் காட்டி எழுதுகோலைச் சிறையிட்டதை எவர் ஒப்புவர்? அந்த 1897ஆம் ஆண்டுச் சட்டமே 2020 மார்ச்சிலும் தூசி தட்டி எடுக்கப்பட்டது என்பதை மறந்துவிட வேண்டா.

அடுத்து 1918. இன்புளுயன்சா இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. 1921ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மக்கள்தொகை 1911இல் இருந்ததைவிடக் குறைந்தே காணப்பட்டது. அந்தக் காயம் ஆறுமுன், 1919 மார்ச்சில் ரௌலட் சட்டம் வந்தது. போர்க்கால அதிகாரங்களைப் போர் முடிந்த பின்னும் நீட்டிக்கும் சட்டம். ஆனால் அதே 1918 ஏப்ரலில் சென்னையில் வேறொன்றும் பிறந்தது. பக்கிங்காம் – கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களிடையே, வாடியாவும் திரு.வி.க.வும் செல்வபதியாரும் இராமாநுஜுலு நாயுடுவும் முன்னின்று அமைத்த சென்னைத் தொழிலாளர் சங்கம். நாடு தேறியது ரௌலட் சட்டத்தாலா, அந்தச் சங்கம் போன்றவற்றாலா? தொழிற்சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்புத் தந்த 1926ஆம் ஆண்டுச் சட்டம், அந்த ஆலைப் போராட்டத்தின் வழி வந்த பயனன்றோ!

இனி நம் காலத்துக்குத் திரும்புவோம். 2020 ஏப்ரல் 17ஆம் நாள் குசராத் அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. நாளொன்றுக்கு 12 மணி நேர வேலை. மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி இல்லை. ஏன்? நாடு தேறவேண்டும் அல்லவா! உத்தரப்பிரதேசமோ தொழிலாளர் சட்டங்களில் பெரும்பாலானவற்றை மூன்றாண்டுக்கு நிறுத்திவைக்க முனைந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில், போர் போன்ற பொது நெருக்கடியின்போது விலக்கு அளிக்கும் பிரிவொன்று உண்டு. பெருந்தொற்றும் அப்படிப்பட்ட நெருக்கடியே என்பது குசராத்தின் வாதம். 2020 அக்டோபர் 1ஆம் நாள் உச்சநீதிமன்றம் அந்த அறிவிக்கையை நீக்கியது. பொருளாதாரத் தொல்லையின் சுமையைத் தொழிலாளியின் தோளில் மட்டும் ஏற்றிவிட முடியாது என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் அதற்கு ஒரு வாரம் முன்னர்தான், செப்டம்பர் 22, 23ஆம் நாள்களில், எதிர்க்கட்சியினர் வெளியே இருக்க, மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறின. முன்னரே நிறைவேறிய ஊதியத் தொகுப்போடு சேர்ந்து அவை 2025 நவம்பர் 21ஆம் நாள் நடைமுறைக்கு வந்தன. 1979ஆம் ஆண்டின் மாநிலங்களிடைப் புலம்பெயர் தொழிலாளர் சட்டம் அவற்றுள் கரைந்துபோயிற்று.

வடக்கே நடந்ததைச் சாடுவது எளிது. கைதட்டலும் கிடைக்கும். நம் வீட்டுக் கதையைச் சொல்லும்போதுதான் தொண்டை கம்முகிறது. 2023 ஏப்ரல் 21ஆம் நாள், தமிழகச் சட்டமன்றத்திலே, 12 மணி நேர வேலைக்கு வழிதிறக்கும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. ஆண்டது யார்? திராவிட இயக்கத்தின் பெயர் சொல்லும் அரசு! தொழில் முதலீடு வரவேண்டும், அயல்நாட்டு நிறுவனங்கள் கேட்கின்றன, வாரத்துக்கு 48 மணி என்ற எல்லை மாறாது என்று விளக்கம் தந்தார்கள். 1923 மே முதல் நாளில் சென்னைக் கடற்கரையிலே சிங்காரவேலர் மே தினக் கொடியேற்றிய நூற்றாண்டு விழாவுக்குப் பத்து நாள் இருந்த வேளை அது. எட்டு மணி நேரத்துக்காக ஏற்றிய கொடி. பன்னிரண்டு மணி நேரத்துக்காகத் தூக்கிய கை!

தோழமைக் கட்சிகள் வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்கள் கொதித்தன, ஆளுங்கட்சியின் சங்கமே ஒப்பவில்லை. மூன்றாம் நாள், ஏப்ரல் 24இல், திருத்தம் நிறுத்திவைக்கப்பட்டது. மே முதல் நாள், திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். திரும்பப் பெற்றதைத் தோல்வி என்று எள்ளியவர்கள் இருந்தார்கள். நாம் அப்படி எண்ணவில்லை. தவறு செய்வது எல்லா அரசும் செய்வதே. பத்து நாளில் தவற்றை உணர்த்தவும் திருத்தவும் வழியிருந்தது பாருங்கள், அதுவே நாடி! ஒரு தலை எண்ணி ஒரு கை ஆணையிடும் நாட்டிலே அந்தப் பத்து நாள், பத்து ஆண்டாகியிருக்கும். ஆயினும் அந்தத் திருத்தம் வந்ததே, அதற்குக் கை தூக்கினார்களே என்ற குறையை நாம் மறைக்கப் போவதில்லை.

அந்தப் பத்து நாளில் குரல் கொடுத்தவர்களுள் கும்மிடிப்பூண்டி உலைத் தொழிலாளி இருந்தானா? பெரும்பாலும் இல்லை. பிறர் போராடினர், அவனும் பயன் பெற்றான். அவனைச் சங்கத்தில் சேர்க்கவில்லை நாம். அவன் மொழி நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முனையவும் இல்லை. உண்மையைச் சொல்லிவிடுவோம்: நம்மில் சிலர் அவனைக் கண்டு முகம் சுளிக்கிறோம். 'வடக்கன்' என்ற ஒரு சொல்லிலே அவனை அடக்கிவிடுகிறோம்.

"வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது" என்று முழங்கிய இயக்கம் நம்முடையது. அந்த முழக்கத்தில் வடக்கு என்றது எதனை? டில்லியின் அதிகாரத்தை; நம் தொழிலை நசுக்கிய மூலதனத்தை; நம் நாவில் வேற்று மொழியைத் திணித்த ஆணவத்தை. ஒடிசாவின் வறண்ட ஊரில் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு சூளைக்கு வந்து மண் பிசைபவன் எந்த அதிகாரத்தின் உடைமையாளன்? வடக்கு வாழ்ந்தது என்றால் அவன் ஏன் இங்கே வந்தான்? தேய்ந்தவனே தேடி வந்திருக்கிறான். அவனும் நாமும் ஒரே ஆதிக்கத்தின் இரு கரைகளிலே நிற்பவர்கள்.

அச்சம் ஒன்று கூறப்படுகிறது. அதனை நாம் நகைத்துத் தள்ள விரும்பவில்லை. "இவர்கள் மலிவான கூலிக்கு வந்து நம் இளைஞரின் வேலையைப் பறிக்கிறார்கள், நாளை இங்கேயே வாக்கும் பெற்றால் தமிழகத்தின் அரசியலே திரிந்துவிடும்" என்பது அது. முதற்பாதியை ஆராயுங்கள். அவன் ஏன் மலிவு? அவன் கை நம் கையைவிட வலுக்குறைந்ததா? இல்லை. கேட்க நாதியற்றவன் என்பதாலே மலிவு. சங்கமில்லை, சாட்சியில்லை, பிறந்த ஊர் ஆயிரம் கல்லுக்கு அப்பால். அவனுக்கு உரிமை கிடைத்த அன்றே அவன் மலிவு போய்விடும்; நம் இளைஞனின் கூலியை அவனைக் காட்டிக் குறைக்கும் சூழ்ச்சியும் போய்விடும். அவனை உரிமையற்றவனாக வைத்திருப்பதால் ஆதாயம் அடைவது நம் இளைஞன் அல்லன். இருவரையும் மோதவிட்டுக் கணக்கெழுதுபவன்.

இரண்டாம் பாதி, வாக்கு. இதிலே நமக்கு வரலாறு ஒரு பாடத்தை, நம் முதுகிலேயே எழுதி வைத்திருக்கிறது. இலங்கை மலையகத்திலே தேயிலைச் செடி நட்டது யார்? தமிழன். காட்டை அழித்து, அட்டைக்குக் குருதி கொடுத்து அத்தீவின் வருவாயைப் பெருக்கியது யார்? தமிழன். 1948இல் குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து அவனை நாடற்றவனாக்கினார்கள். அடுத்த ஆண்டே வாக்கும் பறிபோயிற்று. அங்கே சொன்ன காரணம் என்ன? இவர்கள் வந்தேறிகள், இவர்கள் வாக்களித்தால் கண்டிச் சீமையின் அரசியல் திரிந்துவிடும் என்பதே! அந்தச் சொல்லைக் கேட்டு நெஞ்சு வெந்தவர்கள் நாம். அதே சொல்லை நம் வாயிலிருந்து கேட்க நேரலாமா?

கும்மிடிப்பூண்டியிலேயே அதற்குச் சான்று இருக்கிறது. இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்த தமிழர் வாழும் முகாம் அங்கே உண்டு. 2021இல் அதற்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினார்கள், நல்ல பெயர். ஆனால் அந்த முகாம்களிலே பிறந்து, தமிழ்ப் பள்ளியில் படித்து, தமிழகத்து ஆலையிலே வேலை செய்யும் இளைஞர்களுக்கு, 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலே இடம் தரப்படவில்லை. ஆக ஒரே ஊரிலே, ஒருபுறம் வாக்கு வேறிடத்தில் கிடக்கும் பீகாரி. மறுபுறம் வாக்கே இல்லாத ஈழத் தமிழன். இருவர் உழைப்பும் நாட்டின் வளர்ச்சிக் கணக்கிலே ஏறுகிறது. இருவர் குரலும் ஏறவில்லை.

பீகாரியின் வாக்காவது ஊரில் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்வதற்கும் இல்லை. 2025இல் பீகாரில் வாக்காளர் பட்டியலைத் தீவிரமாகத் திருத்தினார்கள். ஆகஸ்டு 1ஆம் நாள் வந்த வரைவுப் பட்டியலிலே ஏறத்தாழ 65 இலட்சம் பெயர்கள் இல்லை. அவற்றுள் 36 இலட்சம், நிலையாக வெளியேறியவர்கள் அல்லது காணப்படாதவர்கள் என்று குறிக்கப்பட்டவை. காணப்படவில்லை! எப்படிக் காணப்படுவான்? அவன் இரும்புலை முன்னர் நிற்கிறானே! இருக்குமிடத்திலிருந்தே வாக்களிக்கப் பொறி ஒன்றைத் தேர்தல் ஆணையம் 2023 சனவரியில் கட்சிகளுக்குக் காட்ட முற்பட்டது. கட்சிகள் பல ஐயம் எழுப்பின. பேச்சு அத்தோடு நின்றது. ஐயத்துக்கு இடமுண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பொறியை ஐயுற்றவர்கள் வேறு வழி ஒன்றைச் சொல்லியிருக்க வேண்டாமா?

வாக்கு இருந்தால் மட்டும் போதுமா என்று கேட்பீர்கள். போதாது. அதற்கும் கும்மிடிப்பூண்டி வட்டாரமே விடை தருகிறது. ஊர் ஆத்துப்பாக்கம். 2019 டிசம்பரில் நடந்த ஊரகத் தேர்தலுக்குப் பின், ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த அமிர்தம் என்ற அம்மையார் அங்கே ஊராட்சித் தலைவரானார். 2020 ஆகஸ்டு 15, தொற்று உச்சத்திலிருந்த காலம். பள்ளியிலே தேசியக் கொடி ஏற்றவேண்டிய ஊராட்சித் தலைவர், ஏற்றவிடாமல் தடுக்கப்பட்டார். நோய் கண்ட நாட்டிலே மனிதன் மனிதனைத் தொட அஞ்சினான். ஆறு மாதத்தில் அந்த அச்சம் நீங்கும் என்று மருத்துவர் கூறினர். ஆனால் ஆயிரம் ஆண்டாக மனிதனை மனிதன் தொடாதிருக்கச் செய்த நோய் ஒன்று இங்கே முகக்கவசமின்றி உலவியது. செய்தி பரவியது, வழக்குப் பாய்ந்தது, கைது நடந்தது. ஆகஸ்டு 20ஆம் நாள் மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் உடன் நிற்க, அம்மையார் கொடியேற்றினார்.

அந்த ஐந்து நாள் இடைவெளியைப் பற்றி நாம் நெடுநேரம் எண்ணினோம். மக்கள் வாக்கு அவருக்குப் பதவி தந்தது. ஊர் வழக்கம் அதனைத் தடுத்தது. இதழ்களும் சட்டமும் அதனை மீட்டுத் தந்தன. இதழ் இல்லாதிருந்தால்? கேள்வி கேட்கக்கூடாத காலம் இது, நாடு தேறட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருந்தால்? உண்மையில் அப்படிச் சொல்லத்தான் செய்தார்கள். அந்த ஆகஸ்டு 15இலும் அக்டோபர் 2இலும் நடக்கவேண்டிய கிராம சபைக் கூட்டங்கள் தொற்றைக் காட்டி நிறுத்தப்பட்டன. மதுக்கடை திறந்திருந்தது, கிராம சபை மூடியிருந்தது. இன்னொன்றும் சொல்லவேண்டும். 2016க்குப் பின் மூன்றாண்டு ஊராட்சிகளுக்குத் தேர்தல் இல்லாமல் தனி அலுவலர்கள் ஆண்டார்கள். அதனை நாமெல்லாம் கண்டித்தோம். 2025 சனவரி 5இல் பதவிக்காலம் முடிந்தபோதும், உரிய நேரத்தில் தேர்தல் நடக்காமல், மீண்டும் தனி அலுவலர்களே வந்தார்கள். இம்முறை கண்டித்தவர் தொகை குறைந்துபோனது ஏன்?

எண்ணுதலைப் பற்றிச் சொன்னோம்; ஒன்றை விட்டுவிட்டோம். 1881 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை, உலகப்போர் நடந்த 1941இலும்கூட விடாமல், இந்நாட்டிலே மக்கள்தொகைக் கணக்கெடுத்தார்கள். 2021இல் எடுக்கவேண்டியது எடுக்கப்படவில்லை. தொற்றைக் காரணம் காட்டித் தள்ளினார்கள். தொற்று போனபின்னும் தள்ளினார்கள். 2025 சூன் மாதத்தில்தான், 2027இல் எடுப்போம் என்று அறிவிக்கை வந்தது. இடையில் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் எத்தனை பேருக்கு அரிசி, கோதுமை என்பது 2011ஆம் ஆண்டுத் தலைக்கணக்கை வைத்தே அளக்கப்பட்டது. சாவைக்கூட உரிய காலத்தில் எண்ணவில்லை. 2021இல் பதிவான சாவுகள் ஒரு கோடியே 2 இலட்சம், முந்தைய ஆண்டில் பதிவானவை 81 இலட்சம் என்ற கணக்கு வெளிவந்தது 2025 மே மாதத்தில்! நான்கு ஆண்டு கழித்து! தொற்றால் மாண்டோர் என்று அரசு காட்டிய எண், மொத்தமே ஐந்து இலட்சத்துச் சொச்சம்.

வருங்காலத்திலே கிராம சபை கூடும் நாளொன்றில், திருவள்ளூர் மாவட்டத்துத் தோழர்கள் தம் ஊர்க் கூட்டத்துக்குச் செல்லவேண்டும். சாலையும் விளக்கும் கேட்பதோடு இதையும் கேட்கவேண்டும்: இந்த ஊராட்சி எல்லைக்குள், கொட்டகைகளிலும் சூளைகளிலும் தங்கி வேலை செய்யும் வெளிமாநிலத்தார் எத்தனை பேர்? அவர்களுள் எத்தனை பேருக்கு இங்கே அரிசி கிடைக்கிறது? எத்தனை குழந்தைகள் பள்ளியில் இருக்கின்றன? அவர்களை அழைத்துவந்த ஒப்பந்தக்காரரின் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? விடை தெரியாது என்பார்கள். தெரியாது என்ற அந்த விடையைத் தீர்மான நூலிலே எழுதச் சொல்லுங்கள். பின்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இந்தி தெரிந்த தோழர் ஒருவரை அழைத்துக்கொண்டு — ஆம், இந்தி தெரிந்தவரைத்தான் — அந்தக் கொட்டகைக்குப் போய், நீங்களே எண்ணத் தொடங்குங்கள்.